ஈஸ்டர் தீவிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகத்தில் ஒதுக்குப்புறமான விமான நிலையங்கள் என்று பட்டியல் போட்டால் இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். ஒன்று, பசிபிக் நடுவே சிலிக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவின் மட்டவேரி விமான நிலையம். இன்னொன்று, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆட்சிப் பகுதியான செயின்ட் ஹெலினா தீவின் விமான நிலையம். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு எண் உடனே கிடைத்துவிடும். அந்த எண் எப்படி வந்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்த ஒரே ஜோடியை வைத்துச் சொல்கிறேன். வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே கணக்குதான்.

இரண்டுக்கும் நடுவே நேர்த் தூரம் எவ்வளவு?

சுமார் 10,500 கி.மீ. கடல் மைலில் சொன்னால் ஏறக்குறைய 5,670. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், உலகத்தைக் கால்வாசி சுற்றி வருவதற்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பள்ளியில் படித்த சைன், கொசைன் போதும். அறிவியல் கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டவேரி தெற்கு 27.165 பாகை, மேற்கு 109.42 பாகை. செயின்ட் ஹெலினா தெற்கு 15.96 பாகை, மேற்கு 5.645 பாகை. தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு எழுதப்படும். தீர்க்கரேகை வித்தியாசம் 103.775 பாகை.

இனி, இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1255. இரண்டின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: −0.2037. இரண்டையும் கூட்டினால் −0.0782. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பார்த்தால் 94.48 பாகை வருகிறது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கும் கோணம் அதுதான். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 10,506 கி.மீ.

கடல் மைல் வேண்டுமென்றால் இன்னும் சுலபம். ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று பெருக்கிவிடலாம். கடல் மைல் என்ற அளவே பாகையை அறுபதாகப் பிரித்துப் பிறந்ததுதான். இன்று அது துல்லியமாக 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது.

தூரம் மிகக் குறைவாக இருக்கும்போது இந்த கொசைன் வழி, தசமங்களைச் சுருக்கிப் போட்டால் தடுமாறும். அதனால்தான் கணினி நிரல்களில் ஹேவர்சைன் என்ற வேறொரு வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். விடை இரண்டிலும் ஒன்றுதான்.

நான் போட்டால் 11,500 கி.மீ. வருகிறதே?

செயின்ட் ஹெலினாவின் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்திருப்பீர்கள். மேற்கு 5.645 என்பதைக் கிழக்கு 5.645 என்று எடுத்தால் விடை 11,530 கி.மீ. ஆகிவிடும். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதற்கு ஆயிரம் கி.மீ. தவறு! கிரீன்விச் ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் இந்தப் பிழை கண்ணில் படாமல் நழுவிவிடும்.

இன்னொரு பொதுவான தவறு, பாகையும் நிமிடமும் கலந்த எண்ணை அப்படியே தசமமாக எழுதுவது. 15 பாகை 57 நிமிடம் என்பது 15.57 அல்ல, 15.95. இந்தத் தவறால் இடம் 40 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். விமானம் கடலில் இறங்கிவிடும் அளவுக்குத் தூரம் அது. செயின்ட் ஹெலினா தீவின் மொத்த நீளமே சுமார் 16 கி.மீ.தான்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அதுதான் விமானம் போகும் வழியா?

இல்லை. எனக்கு இந்த ஜோடியின் மேல் ஆசை வந்ததே இந்தக் கேள்வியால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுவரில் மாட்டும் சாதாரண உலகப் படத்தில் இரண்டு தீவுகளையும் ஸ்கேல் வைத்து இணையுங்கள். கோடு தென் அமெரிக்காவைக் கடக்கும் இடம் வட சிலி. அன்டோஃபகாஸ்டா நகருக்குச் சற்று வடக்கே. அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால், அதாவது திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டே போனால், தூரம் சுமார் 10,790 கி.மீ.

இப்போது ஒரு உலக உருண்டையை எடுத்து, அதே இரண்டு தீவுகளையும் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தெற்கே வளைந்து, 33.5 பாகை வரை இறங்கி, அப்புறம் மேலே ஏறும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. வரைபடக் கோட்டைவிட சுமார் 280 கி.மீ. மிச்சம்.

நூல் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்: சிலியின் தலைநகர் சாண்டியாகோவின் மேல், அனேகமாக அச்சு அசலாக! மட்டவேரியிலிருந்து சாண்டியாகோ 3,752 கி.மீ. சாண்டியாகோவிலிருந்து செயின்ட் ஹெலினா 6,754 கி.மீ. கூட்டினால் அதே 10,506. ஈஸ்டர் தீவிலிருந்து எங்கே போவதென்றாலும் சாண்டியாகோவுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பது வழக்கமாகச் சுற்றுவழியாகத் தெரியும். செயின்ட் ஹெலினாவுக்குப் போகிறவருக்கு மட்டும் அந்த நகரம் நேர்வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

வெவ்வேறு தளங்களில் தூரம் சில கி.மீ. மாறுகிறதே, ஏன்?

பூமி சரியான உருண்டை அல்ல. நடுவே கொஞ்சம் புடைத்திருக்கும்: நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சில தளங்கள் உருண்டை என்று வைத்துக் கணக்கிடும், சில தளங்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்வட்ட உருவத்தை வைத்துக் கணக்கிடும். வித்தியாசம் பொதுவாக அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பயணிக்கு இது பொருட்டே இல்லை.

நேரடி விமானம் இருந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

பெரிய ஜெட் விமானத்துக்கு ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு. கி.மீ.யை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். 10,506ஐ வகுத்தால் 12.36, அரை மணியும் சேர்த்தால் சுமார் 12 மணி 50 நிமிடம்.

அந்த அரை மணி எதற்கு? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கடைசியில் வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தூரம் எவ்வளவாக இருந்தாலும் இந்தச் செலவு இருக்கும். அதனால் குறுகிய தூரப் பயணத்தில் சராசரி வேகம் படுத்துவிடும்.

850 என்ற எண்ணை எல்லா விமானத்துக்கும் போடக்கூடாது. ஒதுக்குப்புற ஊர்களுக்குப் பல நேரம் விசிறி வைத்த சின்ன விமானங்கள்தான் போகும். ஏடிஆர் 72 என்றால் மணிக்கு சுமார் 500 கி.மீ., ட்வின் ஆட்டர் என்றால் 300 போலத்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து பார்ரா தீவு சுமார் 225 கி.மீ.தான், ஆனால் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே ஓடுபாதையே கடற்கரை மணல் என்பதால், அலை வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் கால அட்டவணை போடுகிறார்கள். அதே நாட்டில் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ. தூரத்துக்கு விமானம் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். அங்கே எந்த வாய்ப்பாடும் செல்லாது.

அப்படியானால் நேரடி விமானம் உண்டா?

கிடையாது. ஆள் இல்லை என்பது மட்டும் காரணம் அல்ல, விமானமே ஒத்துவராது.

மட்டவேரியின் ஓடுபாதை 3,300 மீட்டர் நீளம். 1980களில், விண்வெளி ஓடம் ஏவும்போது ஏதாவது கோளாறு வந்தால் அவசரமாக இறங்க ஒரு இடம் வேண்டும் என்று நாசாவின் உதவியோடு நீட்டினார்கள். அதனால் போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் அங்கே தாராளமாக வந்து போகின்றன. செயின்ட் ஹெலினா நேர் எதிர். சுமார் 300 மீட்டர் உயரப் பாறைக் குன்றின் மேல், பள்ளத்தாக்கு ஒன்றை மண்ணால் நிரப்பிக் கட்டிய குட்டை ஓடுபாதை. போதாததற்கு, அங்கே காற்று திடீர் திடீரென்று வேகமும் திசையும் மாறும். 2016இல் விமான நிலையம் தயாராகியும், இந்தக் காற்றுவெட்டால் பயணிகள் சேவை தள்ளிப்போய், 2017 அக்டோபர் 14 அன்றுதான் முதல் வழக்கமான விமானம் ஜொகனஸ்பர்க்கிலிருந்து வந்து இறங்கியது. வந்தது சுமார் நூறு பேர் உட்காரும் எம்பிரயர் 190.

எம்பிரயர் 190 ஒரே மூச்சில் 10,500 கி.மீ. பறக்காது. அவ்வளவு தூரம் பறக்கக்கூடிய பெரிய விமானங்கள் செயின்ட் ஹெலினாவுக்கு வருவதில்லை. இதனால்தான், "பறக்கும் நேரம் 12 மணி 50 நிமிடம்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் தளங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கணக்கு சரி, ஆனால் அதை நம்பி விடுப்பு எடுப்பவர் திண்டாடிப் போவார்.

சரி, உண்மையில் எப்படிப் போவது?

ஒரு வழி இது: மட்டவேரியிலிருந்து சாண்டியாகோ, அங்கிருந்து பிரேசிலின் சாவோ பாவ்லோ, அட்லாண்டிக்கைத் தாண்டி ஜொகனஸ்பர்க், பிறகு மேற்கே திரும்பி செயின்ட் ஹெலினா. ஆமாம், அட்லாண்டிக்கை முழுதாகக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், மறுபடி கடலுக்குள் வரவேண்டும்.

தூரத்தைக் கூட்டிப் பார்ப்போம். 3,752, அடுத்து 2,614, அடுத்து 7,439, கடைசியாக 3,681. மொத்தம் சுமார் 17,500 கி.மீ. நேர்த் தூரத்தைவிட 7,000 கி.மீ. கூடுதல்.

பறக்கும் நேரம் முதல் கட்டத்துக்கு ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதற்கு சுமார் நான்கு, மூன்றாவதற்கு சுமார் ஒன்பது, கடைசிக் கட்டத்துக்கு இடையில் நிற்பதையும் சேர்த்து சுமார் ஆறு. மொத்தம் 24 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. இது விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்.

வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை நாள் என்று வைத்துக்கொள்வது?

இதற்கு கி.மீ. கணக்கு உதவாது, கிழமைக் கணக்குதான் வேண்டும். செயின்ட் ஹெலினாவுக்கு வாரத்துக்கு ஒன்று, சீசனில் கொஞ்சம் கூடுதல் என்ற அளவில்தான் விமானம் வருகிறது. ஆகவே பின்னாலிருந்து திட்டமிடுங்கள். கடைசி விமானத்தின் கிழமையை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு நாளாவது முன்பே ஜொகனஸ்பர்க்கில் இருக்கும்படி மற்றதைப் பின்னோக்கிப் போடுங்கள். நான்கு நாள் ஒதுக்கினால் நிம்மதியாகப் போகலாம். மூன்று நாளில் முடிக்கலாம், ஆனால் ஒரே ஒரு விமானம் தாமதமானாலும் ஒரு வாரம் போச்சு.

தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. ஒரே முன்பதிவில் இருக்கும் கட்டங்களுக்குத்தான் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை உண்டு. இன்னொன்று, பிரேசில் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். அதைக் கடைசி நேரத்தில் தேடி ஓட முடியாது, முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜொகனஸ்பர்க் விமானம் நடுவில் எதற்காக நிற்கிறது?

எரிபொருளுக்காக. நமீபியாவின் வால்விஸ் பே நகரில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். அங்கிருந்து தீவு சுமார் 2,260 கி.மீ. வால்விஸ் பே ஏறக்குறைய நேர்வழியிலேயே இருப்பதால், நிற்பதால் கூடும் தூரம் 10 கி.மீ.கூட இல்லை, ஆனால் நேரத்தில் ஒன்றரை மணி போல் கூடும்.

3,681 கி.மீ.யை எம்பிரயர் 190 நிற்காமலே பறந்துவிடுமே என்று கேட்கலாம். பறந்துவிடும். ஆனால் காற்று சரியில்லாமல் இறங்க முடியாவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் வேறு ஓடுபாதை இல்லை. திரும்பிப் போக எரிபொருள் வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஒதுக்குப்புற விமான நிலையத்துக்கென்று தனி எரிபொருள் விதி இருக்கிறதா?

இருக்கிறது. சாதாரணமாக ஒவ்வொரு விமானமும், போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் இன்னொரு ஊருக்குப் போகும் அளவுக்கு எரிபொருள் வைத்திருக்கும். தனித்த தீவில் அந்த இன்னொரு ஊரே கிடையாது. மட்டவேரியை எடுத்துக்கொண்டால் கிழக்கே சாண்டியாகோ 3,752 கி.மீ., மேற்கே பிரெஞ்சு பாலினேசியாவின் காம்பியர் தீவுகளில் இருக்கும் சின்ன விமான நிலையம் சுமார் 2,600 கி.மீ.

இதற்காக சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. தனித்த விமான நிலையத்துக்குப் போகும் விமானம், அங்கே போய்ச்சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவுக்கு எரிபொருள் கொண்டுபோக வேண்டும். மழையோ மேகமோ விலகும்வரை மேலேயே வட்டமிட அது போதும். அதோடு, வழியில் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வரை திரும்பிப் போகலாம், தாண்டிவிட்டால் தீவில் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த இடத்தில் தீவின் வானிலையைக் கேட்டுவிட்டுத்தான் விமானி முடிவெடுப்பார். தீவு விமானம் பாதி வழியில் திரும்பி வந்தது என்று கேள்விப்பட்டால் கோபப்படாதீர்கள். அந்த விமானி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் காட்டுகிறதே?

இரண்டு காரணம்: காற்றும் கடிகாரமும்.

இந்த அட்சரேகைகளில் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வையுங்கள். சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவுக்கு எதிர்காற்றில் போனால் தரைவேகம் 750. அரை மணியும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், தரைவேகம் 950. நாலரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அட்டவணையிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கடிகாரம் இன்னும் குழப்பும். ஈஸ்டர் தீவு சாண்டியாகோவைவிட இரண்டு மணி நேரம் பின்னால். காலை 9 மணிக்கு சாண்டியாகோவில் கிளம்பி ஐந்தரை மணி நேரம் பறந்தால், தீவின் கடிகாரத்தில் 12.30தான். டிக்கெட்டில் மூன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது மதியம் 2 மணிக்குக் கிளம்பி நாலரை மணி நேரம் பறந்தால் சாண்டியாகோவில் இரவு 8.30, ஆறரை மணி நேரம் போலத் தெரியும். இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் குழப்பமே வராது. செயின்ட் ஹெலினாவுக்கு அந்த வேலைகூட இல்லை, அதன் கடிகாரமே உலகப் பொது நேரம்தான்.

ஒதுக்குப்புறத் தீவிலிருந்து இன்னொரு ஒதுக்குப்புறத் தீவுக்கு நேரடி விமானம் எங்காவது உண்டா?

செயின்ட் ஹெலினாவிலிருந்தே உண்டு. அசென்ஷன் தீவுக்கு, சுமார் 1,300 கி.மீ., ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2017 நவம்பரில் தொடங்கிய சேவை, மாதத்துக்கு ஒரு முறைதான்.

இதே நிர்வாகத்தில் சேர்ந்த டிரிஸ்டன் ட குன்ஹா தீவையும் கேட்பார்கள். மக்கள் வாழும் தீவுகளில் அதைவிடத் தனித்தது இல்லை. அங்கே விமான நிலையமே கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் போல ஆகும். செயின்ட் ஹெலினாவும் அப்படித்தான் இருந்தது: கேப் டவுனிலிருந்து ஐந்து, ஆறு நாள் கப்பல் பயணம். விமானம் வந்த சில மாதங்களில், 2018இல், அந்தக் கப்பல் தன் சேவையை முடித்துக்கொண்டது.